கடிகாரத்துக்கு எண்ணெய்

மே மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணிக்கு, நாரிஸ் த்ரெல்ஃபாலின் கராஜில் இருந்தவர்கள்:

நாரிஸ். வயது ஐம்பத்தெட்டு. காசு போட்டால் எரியும் கேஸ் மீட்டர்களை முப்பது வருடம் பழுது பார்த்தவன். அந்த மீட்டர்கள் ஒழிந்தபோது அவனையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஹெட்லி பில்லிங். எழுபத்தேழு. இங்கிலாந்தின் மோர்கம் கடற்கரையில் இருந்த காசு மெஷின் விளையாட்டுக் கூடங்கள் அத்தனையிலும் மெக்கானிக்காக இருந்தவர். இடது கண்ணில் புரை.

தோரா பிளீஸ்டேல். அறுபது. அண்ணனோடு சேர்ந்து இருபத்திரண்டு வருடம் பப் நடத்தியவள். மெஷின் இவளுடையது.

ஹெட்லியின் நாய் மேஜர். ஹீட்டருக்கு முன்னால் படுத்திருந்தது.

பெஞ்சின் மேல், முதுகுக் கதவைக் கழற்றி வைத்த பழ மெஷின்: காசு போட்டுக் கைப்பிடியை இழுத்தால் உருளைகளில் பழப்படங்கள் சுழலும் சூதாட்டப் பெட்டி.

வராதவர்களைச் சொல்லப் போனால் இன்னும் நீளும். பழைய மெஷின்களைப் பழுது பார்க்கும் சங்கம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டதில் ஒரு காலத்தில் ஒன்பது ஆண்கள் இருந்தார்கள். மூன்று பேர் செத்துப் போனார்கள். ஒருவர் ஸ்பெயினில் குடியேறினார். ஒருவரை மனைவி விடுவதில்லை. மிச்சம் இரண்டு பேர் ஓர் உருளையில் ஒட்டும் பழப்படத் தாளுக்காகச் சண்டை போட்டு, அவன் வந்தால் நான் வரமாட்டேன் என்று இருவருமே சொல்லி, இருவருமே வராமல் போனார்கள். நாரிஸும் ஹெட்லியும்தான் பாக்கி. தோரா பிறகு வந்து சேர்ந்தவள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை. ஒருவன் பெஞ்சில் மெஷின் இருந்தால் மற்றவர்கள் சனிக்கிழமை வருவார்கள். இல்லாவிட்டால் வரமாட்டார்கள். சும்மா ஒரு டீ குடித்துவிட்டுப் போ என்று யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் உடம்புக்கு என்னவோ என்று நினைத்திருப்பார்கள். மெஷின் சரியானதும் முதல் இழுப்பு. அதைப் பழுது பார்த்தவன் இழுக்கக் கூடாது, மெஷினுக்குச் சொந்தக்காரர்தான் காசு போட்டுக் கைப்பிடியை இழுக்க வேண்டும். மற்றவர்கள் கைதட்டுவார்கள். பிறகு டீயைக் குடித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்த மெஷின் யாரிடமாவது வந்து சேரும்வரை தொலைபேசி அடிக்காது. ஒரு முறை பதினான்கு மாதம் அடிக்கவில்லை.

தோராவின் மெஷின் இரண்டு மாத வேலை. பத்தொன்பது மாதமாக நாரிஸின் பெஞ்சில் இருந்தது.

முப்பதுகளில் சிகாகோவில் வார்த்தெடுத்தது. மூன்று உருளைகள். செர்ரி, பிளம், ஆரஞ்சு, எலுமிச்சை, மணி. பழைய பென்னி விழுங்கும் ஜாதி. அந்தக் காசு செல்லாமல் போய் இருபத்தாறு வருடம் ஆகிறது; இந்த ஆட்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஜாம் பாட்டில் நிறைய அதை வைத்திருப்பார்கள். பப்பின் பின்னறையில் இருந்த மெஷின், பப்பைக் கைமாற்றிய பிறகு தோராவின் கரிக்கிடங்கில் கிடந்து துரு ஏறிவிட்டது. அவள் அதைக் கொண்டுவந்த நாளிலேயே காரணத்தைச் சொல்லியிருந்தாள். அண்ணன் எல்லிஸ் பக்கவாதம் வந்து விரிகுடாவுக்கு அக்கரையில், கிரேஞ்சில், முதியோர் இல்லத்தில் இருந்தார். வலது கை வரவில்லை. பயிற்சிக்கென்று நர்ஸ் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள். அவர் அதை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, “என் மெஷின் கைப்பிடியக் குடு, இழுக்கறேன். இது என்ன, நாய்க்குட்டியா நான்?” என்று கேட்டாராம். இடது கையால்தான் எறிந்தார் என்றாலும் இல்லத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். மெஷினைக் கொண்டுவந்து அவர் அறையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

நாரிஸுக்கு இது தெரியும். தெரிந்தேதான் வெள்ளிக்கிழமைகளில் மெஷினைக் கெடுத்தான்.

முதல் தடவை தற்செயல். ஒரு ஸ்பிரிங்கை மாற்றி மாட்டிவிட்டான். சனிக்கிழமை கைப்பிடியை இழுத்தபோது காசு தள்ளும் தட்டு அசையவில்லை. ஹெட்லி வசவு பாடிக்கொண்டே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தோரா டார்ச் பிடித்தாள். பிரச்சினையைக் கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டு அன்று கிளம்பும்போது இருட்டிவிட்டது. “அடுத்த வாரம் முடிச்சிருவோம்” என்றார் ஹெட்லி. அடுத்த வாரம் என்ற சொல் நாரிஸுக்கு இரவெல்லாம் காதில் இருந்தது.

அதற்குப் பிறகு அவனே செய்தான். ஒரு திருகாணியைக் கால் சுற்று தளர்த்துவான். உருளையின் துளைகளைத் தடவிப் பார்க்கும் இரும்பு விரலை மயிரிழை வளைப்பான். மார்ச் மாதம் காசு விழும் பாதையில் தீக்குச்சித் துண்டு ஒன்றைச் செருகினான். எதையும் உடைக்கவில்லை, எதையும் அறுக்கவில்லை. அதைப் பெருமையாகவே நினைத்தான். திரும்பச் சரி செய்ய முடியாத எதையும் நான் செய்ததில்லை என்று தனக்குள் சொல்லிக்கொள்வான்.

அவன் மனைவி போய்ப் பதினொரு வருடம். சாகவில்லை, போனாள். ஞாயிறு முதல் வியாழன்வரை தன் குரல் எப்படி இருக்கும் என்று அவனுக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை கடையில் டீத்தூள் கேட்பதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஹெட்லி போன் செய்தார். அடுத்த வாரம் வியாழன் கண் ஆபரேஷன். அது முடிந்ததும் மகள் வந்து தன் ஊர் ஹல்லுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். கோடை முழுக்க அங்கேதான். “இந்த சனிக்கெழம அந்தச் சனியன முடிக்கறோம்” என்றார். திருகாணியும் தீக்குச்சியும் போதாது என்று நாரிஸுக்குத் தெரிந்தது. ஒரே பிற்பகலில் சரி செய்ய முடியாத கோளாறாக இருக்க வேண்டும். ஹெட்லி திரும்பி வரும்வரை தாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை முழுவதும் யோசித்துவிட்டு, ஐந்து மணிக்கு, தையல் மெஷின் எண்ணெயை எடுத்தான்.

இப்போது மூன்று பேரும் பெஞ்சைச் சுற்றி நின்றார்கள். தோரா கொண்டுவந்த, உருளைக்கிழங்கும் வெண்ணெயும் வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரங்கள் காகிதத்தில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தன.

“பத்தொம்போது மாசம்” என்றார் ஹெட்லி. “இந்நேரம் என் பொண்டாட்டி ரெண்டு புள்ள பெத்துருப்பா.”

“உங்களக் கட்டிக்கிட்டதுக்கே அவளுக்கு ஒரு மெடல் குடுக்கணும் பெரியவரே” என்றாள் தோரா. “நாரிஸ், இது டீயா? மேஜர் குளிச்ச தண்ணி மாதிரி இருக்கு.”

“போன வாரம் வாங்கின அதே தூள்தான்.”

“தூள்னு ஒண்ணு இருக்கறது தெரியுதில்ல? அத உள்ள போடணும்.”

நாரிஸ் சிரித்தான். இந்த மாதிரி யாராவது தன்னைக் கேலி செய்வதற்காக ஆறு நாள் காத்திருந்தவன், அவள் கோப்பையை வாங்கி இன்னொரு டீத்தூள் பொட்டலத்தை முக்கினான்.

ஹெட்லி ஒரு பென்னியைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தார். சோதனை இழுப்பு முதல் இழுப்பாகக் கணக்கில் வராது. உருளைகள் சுழன்றன. முதல் உருளை நிற்க வேண்டிய நேரம் வந்தது, போனது. மூன்றும் சுற்றிச் சுற்றித் தாமாகவே களைத்து ஓய்ந்தன. அதற்கும் பிறகு, எங்கோ உள்ளேயிருந்து, ‘டொக்’ என்று ஒரு சத்தம்.

“அய்ய” என்றாள் தோரா.

“இரு கண்ணு” என்றார் ஹெட்லி. ஊரில் எல்லாப் பெண்களும் அவருக்குக் கண்ணுதான். “கடிகாரம் சோம்பேறியாயிருச்சு.”

உள்ளே இருக்கும் அந்தச் சின்னப் பாகத்துக்குக் கடிகாரம் என்று பெயரே தவிர, அது நேரம் காட்டாது. நான்கு பல்சக்கரம், கட்டைவிரல் நகம் அளவு ஒரு விசிறி. கைப்பிடியை விட்டதும் விசிறி கிர்ரென்று சுழன்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று உருளைகளை வரிசையாக நிறுத்த வேண்டும். அந்த இடைவெளிக்காகத்தான் மனிதர்கள் வீட்டு வாடகையைத் தொலைத்தார்கள். கடிகாரத்துக்கு எண்ணெய் போடக் கூடாது என்பது இந்த வேலையில் எவனும் முதலில் கற்றுக்கொள்வது. எண்ணெய் பட்ட உடனே விசிறி மந்தமாகும்; பிறகு தூசியை இழுக்கும், தூசி பசையாகும், விசிறி அடியோடு திணறும். பிறகு முழுக்கக் கழற்றி, பெட்ரோலில் ஊறவைத்து, துண்டு துண்டாகத் துடைத்துக் கோர்க்க வேண்டும். கைநடுக்கம் இல்லாதவனுக்கே மூன்று நாள் வேலை.

ஹெட்லி நல்ல கண்ணை மெஷினுக்குள் கொடுத்தார். டார்ச்சைக் கேட்டார். தோரா பிடித்தாள். அவர் ஒரு விரலை உள்ளே விட்டு வெளியே எடுத்தார். கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டு போனார். பிறகு விரலை வெளிச்சத்தில் நீட்டி அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எண்ணெய்” என்றார்.

“பழசா இருக்கும்” என்றான் நாரிஸ்.

“பழைய எண்ணெய் கறுப்பா இருக்கும். இது தேன் மாதிரி இருக்கு. தூசி ஒக்காரக்கூட நேரமில்ல.” அவர் விரலைத் துணியில் துடைத்தார். அவசரப்படாமல் துடைத்தார். “ஏம்ப்பா, இந்தக் கராஜுக்கு எத்தன சாவி?”

நாரிஸ் பெஞ்சில் கிடந்த திருப்புளியை எடுத்து வரிசையில் வைத்தான்.

“ஒண்ணு.”

“ஒங்கிட்ட.”

“ஆமா.”

தோரா டார்ச்சை அணைக்கவில்லை. வெளிச்சம் இன்னும் கடிகாரத்தின் மேலேயே இருந்தது. பிவட்டுகளில், சக்கரங்களின் அச்சு முனைகளில், எண்ணெய் மின்னியது.

“ஊருல எத்தனையோ பயலுக கடிகாரத்துக்கு எண்ணெய் போட்டுட்டு எங்கிட்ட வந்து நின்னுருக்கானுக” என்றார் ஹெட்லி. “கடைக்காரன், பாதிரியார், ஒரு போலீஸ்காரன்கூட. காத அறுத்துப்புடுவேன்னு திட்டிட்டு சரி பண்ணிக் குடுத்துருக்கேன். அவனுகளுக்குத் தெரியாது. தெரியாமச் செஞ்சானுக.”

“ஹெட்லி, நான்…”

“வேணாம். சொல்லாத.” கோட்டை எடுத்து மாட்டினார். ஒரு கை உள்ளே போகாமல் திணற, தோரா பிடித்துவிட்டாள். “கழட்டு. பெட்ரோல்ல போடு. சரி பண்ணி இவ வீட்டுல கொண்டுபோயி எறக்கு. வேற எவனையும் கூப்புடாத. நீயா ஏத்தினது, நீயா எறக்கு.” நாயைக் கூப்பிட்டார். மேஜர் ஹீட்டரை விட்டு எழ மனமில்லாமல் எழுந்தது. வாசலில் நின்று அவர் திரும்பினார். “எனக்கு எத்தன சனிக்கெழம பாக்கி இருக்குன்னு எனக்கே தெரியாது, நாரிஸு. அத நீ எடுத்து வெளையாடியிருக்க.”

போய்விட்டார். அவருடைய பங்குப் பலகாரம் காகிதத்திலேயே இருந்தது.

தோரா டார்ச்சை அணைத்துப் பெஞ்சின் மேல் வைத்தாள். டீயைக் கடைசிவரை குடித்தாள். அவள் கத்துவாள் என்று நாரிஸ் எதிர்பார்த்தான். பப்பில் குடித்துவிட்டு ரகளை செய்த மீனவர்களைக் காலரைப் பிடித்து வெளியே தள்ளியவள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

“எப்ப முடியும்?” என்று கேட்டாள்.

“புதன்கெழம.”

“முடியுமா?”

“முடியும்.” பிறகு சேர்த்துச் சொன்னான்: “நேரா கிரேஞ்சுக்கே கொண்டு போயிரட்டுமா? வேன் இருக்கு. நீங்களும் வந்தீங்கன்னா…”

“என் வீட்டுக்குக் கொண்டு வா” என்றாள். கோப்பையைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அந்த நான்கு நாள் நாரிஸ் செய்த வேலையைப் போல் அவன் ஆயுளில் செய்ததில்லை. கடிகாரத்தைத் தனியே எடுத்தான். ஒவ்வொரு சக்கரத்தையும் பெட்ரோல் கிண்ணத்தில் போட்டு, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, பழைய தலையணை உறையின் மேல் வரிசையாகக் காயவைத்தான். பிவட்டுகளைத் தீக்குச்சி முனையால் துடைத்தான். எண்ணெய் போட்டது ஒரு நிமிடம். எடுக்க மூன்று நாள். இடையில் வேறு சின்னச் சின்னக் குறைகளும் கண்ணில் பட்டன. பத்தொன்பது மாதத்தில் தான் வளைத்து நிமிர்த்தி வளைத்த இடங்கள். நிமிர்த்திய இடத்தில் இரும்பு வெளுத்திருந்தது. திரும்பச் சரி செய்ய முடியாதது எதுவுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான் அல்லவா, அந்த வெளுப்பைப் பார்த்தபோது அப்படிச் சொல்ல வரவில்லை. இரும்புக்கு ஞாபகம் உண்டு. இன்னும் நாலு தடவை வளைத்திருந்தால் ஒடிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோர்த்து முடித்துக் கைப்பிடியை இழுத்தான். கிர்ர் என்று விசிறி பாடியது. டக். கொஞ்சம் விட்டு, டக். இன்னும் கொஞ்சம் விட்டு, டக். அந்தக் கடைசி இடைவெளி மற்ற இரண்டையும்விட ஒரு மூச்சு நீளமாக இருக்க வேண்டும். இருந்தது. பக்கத்தில் யாராவது இருந்தால் ‘கேட்டியா?’ என்று கேட்டிருப்பான். ஹெட்லிக்குப் போன் செய்து ரிசீவரை மெஷின் பக்கம் காட்டலாமா என்று நினைத்தான். போன்வரை போனான். திரும்பி வந்தான்.

புதன்கிழமை பிற்பகல் மெஷினைக் கம்பளியில் சுற்றி வேனில் ஏற்றிக்கொண்டு தோரா இருக்கும் ஹேஷமுக்குப் போனான். வழி நெடுகப் பேசிப் பார்த்துக்கொண்டான். தப்புதான், மன்னிச்சிருங்க. வேன் இருக்கு, எல்லிஸ்கிட்ட இன்னைக்கே கொண்டு போயிரலாம். நானே தூக்கி வெச்சு, மட்டம் பாத்துக் குடுத்துடறேன். அவரு இழுக்கட்டும். மாசம் ஒரு தடவை வந்து சோதிச்சுக் குடுக்கறேன், இந்த மாதிரி மெஷினுக்கு அது அவசியம். கடைசி வாக்கியம் பொய். நன்றாகக் கோர்த்த மெஷின் பத்து வருடம் ஓடும். அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்குள் அவள் தெரு வந்துவிட்டது.

தோரா கதவைத் திறந்து, மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். பீப்பாய் தூக்கிய தோள். நூறு பவுண்டு எடையை இருவரும் முன்னறைக்குக் கொண்டு போனார்கள். சுவரோரம் ஒரு தாழ்ந்த அலமாரியைக் காலி செய்து வைத்திருந்தாள். மெஷின் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. அவளே இழுப்பறையிலிருந்து பீர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை ஒன்றை எடுத்து, மடித்து, காலுக்கடியில் செருகினாள். மட்டம் சரியாக இருந்தது.

அறை சுத்தமாக இருந்தது. சாப்பாட்டு மேஜைக்கு ஒரே ஒரு நாற்காலி. மற்ற நாற்காலிகள் சுவரோரமாகக் கிடந்தன, அவற்றின் மேல் அட்டைப் பெட்டிகள்.

“இழுங்க” என்றான் நாரிஸ். “முதல் இழுப்பு உங்களுது.”

அவள் ஜாம் பாட்டிலைத் திறந்து ஒரு பென்னியை எடுத்துப் போட்டாள். கைப்பிடியை இழுத்தாள். பப்பில் ஆயிரம் பேர் இழுத்ததைப் பார்த்தவளின் இழுப்பு. கடைசிவரை கொண்டு போய், சட்டென்று விடாமல், கையோடு மேலே கொண்டுவந்தாள். விசிறி பாடியது. டக். டக். டக்.

பிளம், பிளம், எலுமிச்சை. எலுமிச்சைக்கு எந்தக் காலத்திலும் ஒன்றும் கிடையாது.

நாரிஸ் பழக்கதோஷத்தில் கைதட்டினான். ஒற்றை ஆள் கைதட்டும் சத்தம் அந்தச் சின்ன அறையில் அசிங்கமாக இருந்தது. நிறுத்திக்கொண்டான்.

“எல்லிஸ் காதுல இருந்தது இந்தச் சத்தந்தான்” என்றாள் தோரா.

“இன்னைக்கே கேக்கட்டுமே. வேன் வாசல்லதான் நிக்குது. கிரேஞ்சுக்கு ஒரு மணி நேரம். நானே தூக்கி…”

“எல்லிஸ் போயிட்டான்.”

“எங்க?”

“செத்துட்டான், நாரிஸ். மார்ச் ஒம்பதாந்தேதி. ஞாயித்துக்கெழம காலைல.”

நாரிஸ் அட்டைப் பெட்டிகளைப் பார்த்தான். ஒன்றின் பக்கத்தில் இல்லத்தின் பெயர் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருந்தது. அவன் மனம் தானாகவே தேதியை எண்ணிப் பின்னால் போனது. ஒன்பதுக்கு முந்தின நாள் சனிக்கிழமை. தீக்குச்சி வைத்த வாரம். மூன்று மணி நேரம் தேடி, ஹெட்லி தீக்குச்சியை இடுக்கியால் வெளியே எடுத்து, “இது பத்த வெச்சாத்தான் ஓடும் போல” என்று சொன்னபோது தோரா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அதற்கு அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். பலகாரம் வாங்கிக்கொண்டு வந்தாள். அதற்கடுத்ததும். பத்து வாரம்.

“ஒரு வார்த்த சொல்லலியே நீங்க.”

“யாரு கேட்டீங்க? வந்தா ஸ்பிரிங்கு, போனா திருகாணி. ஒன் அண்ணன் எப்பிடி இருக்கான் தோரான்னு ரெண்டு பேருல ஒருத்தராவது வாயத் தொறந்தீங்களா?”

அவன் யோசித்துப் பார்த்தான். கேட்டதில்லை. மெஷினைப் பற்றித்தான் பேசுவார்கள். அதுதான் நாகரிகம் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

“தோரா, நான் அதக் கெடுத்துக்கிட்டே…”

“தெரியும்.”

“ஹெட்லி சனிக்கெழம கண்டுபிடிச்ச…”

“போன ஜூலைலயே தெரியும்.” அவள் மெஷின் மேல் இல்லாத தூசியைக் கையால் துடைத்தாள். “காசுத் தட்டு ஸ்பிரிங்க ஹெட்லி மூணாவது ஓட்டைல மாட்டினாரு. டார்ச் புடிச்சது நான். அடுத்த வாரம் வந்து பாத்தா நாலாவதுல இருக்கு. ஸ்பிரிங்குக்குக் கால் மொளச்சிருக்காது. இருபத்திரண்டு வருஷம் திங்கக்கெழம திங்கக்கெழம இதத் தொறந்து காசு எடுத்தவ நான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

“அப்பறம் ஏன்…”

“ஏன்னா?” அவள் முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள். “சனிக்கெழமைக்கு எனக்கும் வேற போக்கிடம் இல்ல. அதான். வாரத்துல ஒரு நாள் யாரையாவது திட்டலாம். பலகாரத்த மூணாப் பங்கு போடலாம். அவன் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கேப்பான், ‘மெஷின் வந்துச்சா’ன்னு. அடுத்த வாரம்டான்னு சொல்லுவேன். எட்டு மாசம் சொன்னேன். ஜூலைலேர்ந்து மார்ச் வரைக்கும். ஹெட்லிகிட்ட ஒரு வார்த்த போட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.”

நாரிஸ் நின்றுகொண்டே இருந்தான். உட்கார் என்று அவள் சொல்லவில்லை. அவளுடைய அந்த ஒற்றை நாற்காலியைத் தவிர உட்கார இடமும் இல்லை.

“உன்ன மட்டும் திட்ட முடிஞ்சா நல்லா இருந்திருக்கும்” என்றாள் தோரா. “முடியல. அதான் எரிச்சல்.”

வெளியே பேருந்து ஒன்று போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. வேனில் ஒத்திகை பார்த்த வாக்கியங்களை அவன் தேடினான். ஒன்றும் உதவவில்லை. எல்லாவற்றிலும் எல்லிஸ் உயிரோடு இருந்தார். மிச்சமிருந்தது அவன் ஒத்திகை பார்க்காத ஒன்று. அதைச் சொல்வதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

“சனிக்கெழம வாங்க” என்றான். “மெஷின் இல்ல. பெஞ்சு காலியாத்தான் இருக்கு. சும்மா வாங்க.”

தோராவின் முகத்தில் கோபம் இல்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்து, விடை தெரிந்து, மறுபடியும் போட்டுப் பார்ப்பவள் மாதிரி இருந்தாள்.

“இத ஜூலைல கேட்டிருந்தா வந்திருப்பேன்” என்றாள். “அவனுக்கு மெஷினும் போய்ச் சேந்திருக்கும்.”

“இப்ப?”

“இப்ப அந்த கராஜுக்குள்ள வந்தா அவன் கேக்கறதுதான் காதுல விழும். ஒன் மூஞ்சியப் பாத்தாலும் அதேதான்.” அவள் கம்பளியை மடித்தாள். நான்காக மடித்து அவன் கையில் கொடுத்தாள். “மெஷின நல்லாப் பண்ணியிருக்க. கடைசிச் சத்தம் சரியா விழுது. பொய் சொல்லல.”

“சந்தோஷம்.”

“இனிமே வராத, நாரிஸ்.”

அவன் தலையாட்டினான். நடையில் செருப்புகள் ஒரு ஜோடி, குடை ஒன்று. கதவை அவனே திறந்தான். காற்றில் உப்பும் சேறும் மணத்தன. கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. படியில் கால் வைத்ததும் திரும்பி ஏதாவது சொல்லலாம் என்று நின்றான். அவள் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவன் இரண்டு படியையும் இறங்கும்வரை பொறுத்திருந்தாள். இறங்கினான். பின்னால் கதவைச் சாத்தினாள். சாவி ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு மேல் தாழ்ப்பாள் விழுந்தது.